கட்டக் கட்டக் குறையாத வீட்டுக்கடன்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். ஓர் ஆசிரியை கோவில் விறாந்தையில் காத்து நின்றார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வங்கி அனுப்பிய கடன் கணக்கறிக்கை அது.

"பாதர், ஐஞ்சு வருசமாய் ஒரு மாதமும் பிந்தாமல் கட்டுறன். ஏழு லட்சத்துக்கு மேலை கட்டிப்போட்டன். எடுத்தது பத்து லட்சம். இன்னும் எட்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் நிக்குதாம். வங்கிக்காரர் ஏமாத்துகினமோ?"

வங்கி ஏமாற்றவில்லை. கணக்கு சதம் பிசகாமல் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தச் சகோதரியின் கேள்வி நியாயமானது. கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியைக்கே விளங்காமற் போன ஒன்று, வன்னியிலும் தீவகத்திலும் மன்னாரிலும் வீட்டுக்காக ஒப்பம் வைத்த எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை. போருக்குப் பின்னர் எமது பகுதிகளில் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் ஏதோவொரு கடன் இருக்கிறது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபா உதவிப்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டாதது. ஆயினும் அந்தப் பணத்துக்குள் அடங்காத அத்திவாரத்தைப் போட்டுவிட்டு, கூரை ஏற்றக் கடன் எடுத்தவர்கள் பலர். எனவே இக்கடன் எப்படி இயங்குகிறது, அதைத் தவணைக்கு முன்னரே எவ்வாறு தீர்க்கலாம் என்பதை அந்த ஆசிரியையின் கடனையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். எண்களைச் சற்று உருட்டியிருக்கிறேன்.

கடன் 10 இலட்சம் ரூபா. காலம் 15 வருடம், அதாவது 180 மாதம். வட்டி வருடத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று. வட்டி வீதம் இடையில் மாறாது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். மாறும் கதையைப் பின்னர் பார்ப்போம். இந்தக் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 12,002 ரூபா வரும். பதினைந்து வருடமும் கட்டினால் மொத்தம் 21 இலட்சத்து 60 ஆயிரம். அதில் 11 இலட்சத்து 60 ஆயிரம் வட்டி. எடுத்த முதலிலும் பார்க்க வட்டி கூட.

முதல் மாதம் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்றால் வட்டி 10,000. நாம் கட்டுவது 12,002. வட்டி போக மிஞ்சும் 2,002 ரூபா மட்டுமே முதலில் கழிகிறது. மீதி 9,97,998. இரண்டாம் மாதம் அந்த மீதிக்கு வட்டி 9,980. முதலுக்குப் போவது 2,022. மூன்றாம் மாதம் வட்டி 9,960, முதலுக்கு 2,042. இப்படி மாதந்தோறும் வட்டி சிறிது தேய, முதலுக்குப் போகும் பங்கு சிறிது வளரும். தவணையின் தொகை மாறாது. அதன் உள்வயிறு மட்டுமே மாறுகிறது. ஐந்து வருடம் கழிந்து பார்த்தால் கட்டிய 7 இலட்சத்து 20 ஆயிரத்தில் 5 இலட்சத்து 56 ஆயிரம் வட்டிக்குப் போய்விட்டது. முதலில் குறைந்தது 1 இலட்சத்து 63 ஆயிரந்தான். தவணையில் பாதிக்கு மேல் முதலுக்குப் போகத் தொடங்குவது ஒன்பது வருடம் கடந்த பிறகே.

சிலர் இதைக் கேட்டவுடன், "வங்கி முதலில் வட்டியை எடுத்துக்கொண்டு பிறகுதான் முதலைக் கழிக்கிறது, இது அநியாயம்" என்பார்கள். அப்படியொரு தந்திரம் இதில் இல்லை. அந்தந்த மாதம் கையிலிருக்கும் மீதிக்கு மட்டுமே வட்டி போடப்படுகிறது. தொடக்கத்தில் மீதி பெரிது, ஆகவே வட்டியும் பெரிது. விடயம் அவ்வளவே. இதற்குக் குறைந்து செல்லும் மீதிக்கான வட்டி என்று பெயர். இந்த முறையின் கண்டிப்புக்குள்ளேயே கடனாளிக்குச் சாதகமான ஒரு கதவும் திறந்திருக்கிறது. மீதியை நாம் ஒரு ரூபாவால் குறைத்தால், அந்த ஒரு ரூபாவுக்கு இனிமேல் எந்த மாதத்திலும் வட்டி போட முடியாது.

ஒரு வரியைத் தாண்டுதல்

இதை விளங்கிக்கொள்ள கணனி தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும். மாத இலக்கம், தவணை, வட்டி, முதலுக்குப் போனது, மீதி என ஐந்து நிரல்கள் கீறி, கடனின் 180 மாதத்தையும் 180 வரிகளாக எழுதிப் பாருங்கள். எழுதப் பொறுமையில்லாதவர்கள் வங்கியிடம் கேட்டால் அந்த அட்டவணையைத் தருவார்கள். அதைக் கேட்டுப் பெறுவது கடனாளியின் உரிமை. ஒப்பம் வைக்கும் நாளிலேயே கேட்பது நல்லது.

இப்போது முதல் மாதத் தவணையாகிய 12,002 ரூபாவோடு, இரண்டாம் வரியில் முதலுக்குப் போகவேண்டிய 2,022 ரூபாவையும் சேர்த்துக் கட்டிவிடுகிறீர்கள் என்று வையுங்கள். மீதி 9,95,976 ஆகும். அது இரண்டாம் வரியின் இறுதியில் நிற்கவேண்டிய மீதி. அதாவது ஒரே மாதத்தில் இரண்டு வரிகள் இறங்கிவிட்டீர்கள். தாண்டிய அந்த இரண்டாம் வரியில் 9,980 ரூபா வட்டி எழுதப்பட்டிருந்ததே, அது என்னவாயிற்று? அதை இனி எவரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள். இன்று போட்ட 2,022 ரூபா, பதினைந்தாம் வருடத்துக் கடைசித் தவணையாகிய 12,002 ரூபாவை இல்லாமற் செய்துவிட்டது.

அந்த ஆசிரியைக்கு நான் பென்சிலால் வரியை வெட்டிக் காட்டியபோது, அவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துத் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னர் இது தெரியாமற் போயிற்றே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. கவலைக்குக் காரணம் உண்டு. கீழே போகப்போக ஒரு வரியைத் தாண்டக் கூடிய பணம் வேண்டும். தாண்டுவதால் மிஞ்சும் வட்டியோ குறைவு. அவர் நின்ற 61ஆம் வரியில் முதலுக்குப் போவது 3,636 ரூபா. பத்தாம் வருட முடிவில் அது 6,500 ரூபாவைக் கடந்துவிடும்.

கடன் எடுத்த நாளிலேயே 10,000 ரூபாவை மேலதிகமாக முதலுக்குக் கட்டினால், கடைசியில் ஏறக்குறைய ஐந்து தவணைகள், அதாவது 58 ஆயிரம் ரூபாவுக்கு மேல், கட்டத் தேவையில்லாமற் போகிறது. அதே 10,000 ரூபாவைக் கடன் முடிய ஒரு வருடம் இருக்கையில் கட்டினால் மிஞ்சுவது ஆயிரத்து இருநூறு, முந்நூறு ரூபாதான். வீட்டுக் குடிபூரலுக்கு வந்த அன்பளிப்புப் பணத்தைக் கதிரை மேசைக்குச் செலவிடுவதா, முதலுக்குக் கட்டுவதா என்று யோசிக்கும் இளம் தம்பதியர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கதிரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை கதிரை என்பதே கேள்வி.

பெருந்தொகை எல்லோருக்கும் அகப்படாது. சிறு தொகையை ஒழுங்காகக் கட்டுவதே எமது மக்களால் முடிந்த வழி. தொடக்கத்திலிருந்தே மாதம் 1,000 ரூபா கூடக் கட்டினால், 180 மாதக் கடன் 148 மாதத்தில் தீர்கிறது. இரண்டு வருடமும் எட்டு மாதமும் முன்னதாக. மிஞ்சும் வட்டி 2 இலட்சத்து 45 ஆயிரம் அளவில். மாதம் 2,000 கூடக் கட்டினால் 126 மாதம், பத்தரை வருடம். மிஞ்சுவது ஏறக்குறைய 4 இலட்சம். அந்த ஆசிரியையைப்போல ஐந்து வருடம் கழித்து 2,000 ரூபா கூட்டத் தொடங்கினாலும் மீதி 120 மாதம் 92 ஆகக் குறைந்து, 1 இலட்சத்து 60 ஆயிரம் அளவில் மிஞ்சும். பிந்தித் தொடங்கியதால் பயன் இல்லை என்று எவரும் கைவிடவேண்டியதில்லை.

மீட்டால் முழுதாகத்தான் என்ற எண்ணம்

இவ்வளவு எளிய வழியை எமது மக்கள் ஏன் கையாளுவதில்லை? பணமில்லை என்பது மட்டும் காரணமல்ல என்று நான் நினைக்கிறேன். கடனைப் பற்றிய எமது எண்ணமே வேறொரு வகைக் கடனிலிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்தில் பழைய நாளிலிருந்து காணியை ஒற்றி வைக்கும் வழக்கம் உண்டு. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலும் ஒற்றிக்கு இடமிருக்கிறது. ஒற்றியில் வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் காணியை ஆண்டு, அதன் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். காணிக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது காணியை மீட்பார். இதில் சிறிது சிறிதாகக் கொடுப்பதில் பொருளில்லை. பாதிப் பணம் கொடுத்தேன் என்பதற்காக வயலில் பாதியை ஒற்றிகாரர் விட்டுத்தரப் போவதில்லை. எனவே குடும்பம் பணத்தைச் சேர்த்து வைத்து, முழுத்தொகையும் திரண்ட பிறகு ஒருநாள் போய் மீட்கும். நகை அடகும் பெரும்பாலும் அப்படியே. "மீட்டல்" என்ற சொல்லே ஒரே நாளில் நடந்து முடியும் காரியத்தைக் குறிக்கிறது.

அந்தப் பழக்கத்தையே நாம் வங்கிக் கடனுக்கும் கொண்டுவந்தோம். வெளிநாட்டிலிருக்கும் தம்பி பணம் அனுப்புவான், ஒரே கையில் கட்டி முடிப்போம் என்று காத்திருக்கிறோம். அதுவரை கையில் மிஞ்சும் சில்லறையைச் சேமிப்புக் கணக்கில் விட்டு வைக்கிறோம். அங்கே அது நூற்றுக்கு ஓரிரண்டு உழைக்க, அதே வங்கியில் நாம் பன்னிரண்டு கட்டிக்கொண்டிருக்கிறோம். நிரந்தர வைப்பில் போட்டாலும் அதன் வட்டி கடன் வட்டியை எட்டுவது அரிது. 2025 ஏப்ரல் முதல் அந்த வைப்பு வட்டியிலும் நூற்றுக்குப் பத்து வரியாகக் கழிக்கப்படுகிறது. ஈட்டுக்கடன் ஒற்றியைப் போன்றதல்ல. இதில் ஒவ்வொரு ரூபாவும் போன அன்றே வேலை செய்யத் தொடங்கும். ஒரு சுவரை ஒரே அடியில் விழுத்தவேண்டியதில்லை, கல்லாகக் கழற்றலாம்.

கூட்டுறவுக்காரர் இதை எப்போதோ அறிந்திருந்தனர். 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் வழி எமது கிராமங்களில் வளர்ந்த சிக்கன கடனுதவு சங்கங்களில் உறுப்பினர் நினைத்த நாளில் நினைத்த தொகையைக் கொண்டுவந்து முதலில் கழிக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. கனடாவின் அன்ரிகோனிஷ் நகரில் மோசஸ் கோடி அடிகளார் மீனவரையும் சுரங்கத் தொழிலாளரையும் கூட்டிவைத்துக் கடன் கணக்குப் படிப்பித்ததும் இதே நோக்கோடுதான். அவரது பெயரால் 1959இல் நிறுவப்பட்ட கோடி நிறுவனத்தில் ஆசிய நாடுகளைச் சேர்ந்த பலர் பயின்றிருக்கிறார்கள். கணக்கு விளங்கியவனை ஏய்ப்பது கடினம் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

வங்கிக்குச் சொல்லாமற் கட்டினால்

ஆசிரியையின் கதைக்கு வருகிறேன். மறுமாதம் முதல் அவர் 14,000 ரூபா கட்டத் தொடங்கினார். எட்டு மாதம் கழித்துப் புதிய கணக்கறிக்கையோடு வந்தார். கடன் மீதி பழைய அட்டவணைப்படியே இறங்கியிருந்தது. கூடக் கட்டிய 16 ஆயிரம் எங்கே? அது தவணை கழிக்கப்படும் அவரது சேமிப்புக் கணக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. வங்கியின் கணனி மாதாமாதம் 12,002 ரூபாவை மட்டும் எடுத்துக்கொண்டு மிகுதியைத் தொடாமல் விட்டிருந்தது. தவறு வங்கியுடையதா, அவருடையதா என்று வாதாடிப் பயனில்லை. எதற்காகக் கூடப் பணம் போடுகிறார் என்று அவர் எவருக்கும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இதில் எனக்கும் பங்குண்டு. கொப்பியில் கணக்கைக் காட்டிய நான், வங்கிக்குப் போய் என்ன சொல்லவேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனவே வாய்ச்சொல்லை நம்பவேண்டாம், எழுத்தில் கொடுங்கள். நாங்கள் இருவரும் அன்று எழுதிய கடிதம் மிகச் சிறியது: "எனது கடன் கணக்கில் மாதத் தவணைக்கு மேலதிகமாக நான் செலுத்தும் தொகையை அன்றைய திகதியிலேயே கடனின் முதலுக்கு வரவு வைக்கவும். இதனால் மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம். கடன் காலத்தைக் குறைக்கவும். வரவு வைத்த பின்னர் புதிய மீதியை எழுத்தில் அறியத் தரவும்." கடிதத்தின் பிரதியொன்றில் வங்கியின் முத்திரையும் திகதியும் பெற்றுக்கொண்டார்.

அதிலுள்ள இரண்டாவது வசனம் முக்கியமானது. முதல் குறைந்ததும் சில வங்கிகள் தவணையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் தவணை குறைந்து காலம் அப்படியே இருந்தால் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி கரைந்துவிடும். உண்மையாகவே மாதச் செலவு முட்டுப்படுகிறது என்றாலன்றி அதை ஏற்கவேண்டாம்.

மேலதிகப் பணத்தை "அடுத்த மாதத் தவணையின் முற்பணம்" என்று வரவு வைப்பதும் உண்டு. அப்படியானால் அடுத்த மாதம் கட்டத் தேவையில்லை என்பார்கள். வட்டியில் மிஞ்சுவது சொற்பமே. பற்றுச்சீட்டில் "முதல்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கவுண்டரை விட்டு விலகுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

முன்கூட்டிக் கட்டுவதற்குச் சில வங்கிகள் கட்டணம் அறவிடும். சில, குறித்த தொகைக்குக் குறைந்த பகுதிப் பணத்தை முதலுக்கு ஏற்காது. இது கடன் உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள். கட்டணம் நூற்றுக்கு ஐந்து என்று வைத்தாலும், 10,000 ரூபாவுக்கு 500 ரூபா. கடனின் தொடக்க வருடங்களில் அதைக் கொடுத்தும் இலாபம். கடைசி வருடத்தில் கொடுப்பது பயனற்றது. குறைந்த தொகை ஏற்கப்படாவிட்டால், மாதம் 2,000 ரூபாவைத் தனியே சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை 12,000 ஆகக் கட்டலாம். வித்தியாசம் பெரிதாக இராது.

கமக்காரருக்கும் மீனவருக்கும் இந்த ஆறுமாத முறையே பொருத்தம். காலபோக நெல் விற்றகையோடு ஒருதடவை, சிறுபோகம் வெட்டியபின் ஒருதடவை. கடலில் நல்ல பாடு உள்ள மாதங்களில் போட்டு, காற்றுக் காலத்தில் தவணையை மட்டும் கட்டினால் போதும். மாதச் சம்பளக்காரருக்கு இலகுவான வழி, சம்பள ஏற்றம் வந்த மாதத்திலேயே அதில் ஒரு பங்கைக் கடனுக்கு ஒதுக்கிவிடுவது. அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் கட்டங்கட்டமாகக் கூட்டப்பட்டு வருகிறது. கையில் வந்து பழகிய பணத்தை மீண்டும் வெட்டுவது கடினம். பழகுமுன் ஒதுக்கினால் வலிக்காது.

யார் அவசரப்படக் கூடாது

இந்த ஆலோசனை எல்லோருக்கும் எல்லா நேரமும் பொருந்தாது. வீட்டுக்கடனிலும் பார்க்க விலை கூடிய கடன் கையிலிருந்தால் அதையே முதலில் தீர்க்கவேண்டும். அடகிலிருக்கும் நகை, லீசிங்கில் எடுத்த ஓட்டோ, கிழமைக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன், இவையெல்லாம் பொதுவாக வீட்டுக்கடனைவிட வட்டி கூடியவை. நுண்கடனின் கொடுமையை எமது பெண்கள் நன்கு அறிவார்கள். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் நிலை ஏற்பட்டது. ஒரு கையால் 40 வீத வட்டி கட்டிக்கொண்டு மறு கையால் 12 வீதக் கடனை முன்கூட்டிக் கட்டுவது ஓட்டை வாளியில் நீர் அள்ளுவது போன்றது.

தட்டை வட்டிக் கடனுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அதில் முழு முதலுக்கும் முழுக் காலத்துக்கும் வட்டி முதல் நாளே கூட்டப்பட்டுவிடும். ஒரு இலட்சம் ரூபாவை இரண்டு வருடத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு தட்டை வட்டியில் எடுத்தால் வட்டி 24,000. மாதம் 5,167 ரூபா. பாதி முதல் திரும்பிய பின்னரும் முழு இலட்சத்துக்கே வட்டி போகிறது. குறைந்து செல்லும் மீதிக் கணக்கில் பார்த்தால் இது நூற்றுக்கு இருபத்தொன்றரைக்குச் சமம். முன்கூட்டிக் கட்டினால் வட்டியில் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேளுங்கள். ஒன்றும் கழிக்கமாட்டோம் என்றால் முன்கூட்டிக் கட்டிப் பயனில்லை. கடன் எடுக்கப் போகும்போது "எத்தனை வீதம்" என்று மட்டும் கேட்பது எமது பழக்கம். "தட்டையா, குறைந்து செல்வதா" என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

சலுகை வட்டியில் கடன் பெற்ற அரச ஊழியரும் நின்று யோசிக்கலாம். கடன் வட்டியிலும் பார்க்க வைப்பு வட்டி உயர்ந்திருக்கும் காலத்தில், மேலதிகப் பணத்தை வைப்பில் இடுவதே நன்று. 2022இலும் 2023இலும் அப்படியொரு காலம் வந்து போயிற்று.

கைக்காவல் பணத்தையும் மறக்கவேண்டாம். நான் பணியாற்றிய ஒரு கடலோரப் பங்கில் உழைப்பாளியான ஒரு மீனவர் இருந்தார். மிஞ்சியதையெல்லாம் வீட்டுக்கடனுக்கே கட்டினார். கையில் ஒரு சதமும் வைக்கவில்லை. இயந்திரம் பழுதாகிக் கரையில் நின்றபோது, கட்டிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி வங்கியில் கேட்டார். வங்கி தரவில்லை, தரவும் முடியாது. கடைசியில் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு ஊரிலொருவரிடம் வாங்கி இயந்திரம் திருத்தினார். ஒரு வருடமாக வீட்டுக்கடனில் மிச்சம் பிடித்த வட்டி மூன்று நான்கு மாதத்தில் போயிற்று. முதலுக்குப் போன பணம் திரும்பி வராது. ஆகவே மூன்று மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் காணும் பணத்தைத் தனியே வைத்த பிறகே மேலதிகமாகக் கட்டத் தொடங்குங்கள்.

வட்டி வீதம் மாறினால்

தொடக்கத்தில் தள்ளிவைத்த விடயம் இது. எமது நாட்டில் பெரும்பாலான வீட்டுக்கடன்களின் வட்டி சில வருடங்களுக்கே நிலையாக இருக்கும். பிறகு சந்தையோடு ஏறி இறங்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு புள்ளிகளால் உயர்த்தியது. முதல்தர வாடிக்கையாளருக்கு வங்கிகள் கொடுக்கும் கடனின் வட்டியே அவ்வாண்டு முடியுமுன் நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டியது. 2023 யூனிலிருந்தே கொள்கை வீதங்கள் இறங்கத் தொடங்கின.

ஆசிரியையின் மீதியாகிய 8 இலட்சத்து 36 ஆயிரத்துக்கு வட்டி நூற்றுக்கு இருபத்துநான்கு ஆகிவிட்டால் என்ன நடக்கும்? ஒரு மாத வட்டி மட்டும் 16,730 ரூபா. அவருடைய முழுத் தவணையும் வட்டிக்கே போதாது. அக்காலத்தில் தவணை திடீரென ஏறியதால் திகைத்தவர்களையும், தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டியதால் ஓய்வு வயதைத் தாண்டியும் கடன் போவதைக் கண்டவர்களையும் நான் சந்தித்தேன். அந்நாட்களில் நித்திரை கொண்டவர்கள், முன்னைய வருடங்களில் முதலைக் குறைத்து வைத்திருந்தவர்களே. வீதம் எவ்வளவு ஏறினாலும் அது மீதியின் மேல்தான் ஏறும். வட்டி வீதத்தைத் தீர்மானிப்பது எமது கையில் இல்லை. மீதி ஓரளவாவது எமது கையில் உண்டு.

அதே காரணத்தால், வட்டி இறங்கும் காலத்தில் வங்கி தவணையைக் குறைத்தால், முன்பு கட்டிய தொகையையே தொடர்ந்து கட்டுவது மேலதிகமாகக் கட்டுவதற்கு மிக இலகுவான வாய்ப்பு. வீட்டுச் செலவில் புதிதாக ஒன்றையும் வெட்டத் தேவையில்லை. வட்டி இறங்கியும் வங்கி தானாகக் குறைக்காவிட்டால் முகாமையாளரைக் கண்டு எழுத்தில் கேளுங்கள். ஏறும்போது கடிதம் விரைந்து வரும். இறங்கும்போது நாம்தான் போகவேண்டியிருக்கிறது.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடைசிப் பணத்தைக் கட்டிவிட்டு உறுதியை வாங்கி அலுமாரியில் வைத்ததோடு காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஈட்டு முறி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறது. கடன் தீர்ந்தது என்பதும் அங்கே பதியப்படும் வரை, ஏட்டின்படி உங்கள் வீடு இன்னும் ஈட்டில்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் தகப்பன் கடனைத் தீர்த்துப் பல வருடங்களின் பின் காலமானார். மகளுக்குச் சீதனமாகக் காணியை எழுதப் போனபோது நொத்தாரிசு பதிவேட்டைத் தேடிப் பார்த்து, ஈடு நிற்பதாகச் சொன்னார். கடன் எடுத்த கிளையில் அப்போது வேலை செய்தவர் எவரும் இல்லை. பழைய பற்றுச்சீட்டுகளைக் கறையான் தின்றிருந்தது. கல்யாணம் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. எனவே கணக்குத் தீர்ந்ததாக வங்கியின் கடிதம், ஈட்டு விடுவிப்பு, உறுதியின் மூலப்பிரதி ஆகியவற்றைப் பெற்று, விடுவிப்பைப் பதிவித்து, சில வாரங்களின் பின் பதிவேட்டின் பிரதியை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டித் தீர்ப்பவர்கள் கடைசி மீதியை வங்கியிடம் குறித்த திகதிக்கென்று எழுத்தில் கேட்கவேண்டும். வட்டி நாட்கணக்கில் ஏறுவதால், இன்று கேட்ட தொகையை அடுத்த கிழமை கொண்டுபோனால் சில நூறு ரூபா குறையும். அந்தச் சில நூறு ரூபாவுக்காகக் கணக்கு மூடப்படாமல் கிடந்து, மீண்டும் வட்டியும் தண்டமும் ஏறிய சம்பவங்கள் உண்டு.

ஆசிரியை கடிதம் கொடுத்ததிலிருந்து ஒவ்வொரு மாதமும் கொப்பியில் எழுதி வருகிறார். வங்கி முதல் எட்டு மாதப் பணத்தையும் பிந்தியேனும் முதலுக்கு மாற்றிக் கொடுத்தது. ஒரு வருடம் முடிந்த ஞாயிறன்று கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். கட்டியது 72ஆவது மாதத் தவணை. மீதியோ ஏறக்குறைய 78ஆம் வரியில் எழுதியிருந்த தொகைக்கு இறங்கியிருந்தது. தாண்டிய வரிகளைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்டிப் பாடம் வரும்போது இந்தக் கொப்பியையே கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். தொகைகளை மட்டும் மாற்றி எழுதவேண்டும், தன் கடன் எவ்வளவு என்று ஊரெல்லாம் தெரியத் தேவையில்லை என்றார்.